ஜெபவியல்: ஒரு சிற்றிலக்கணம்

பாயிரம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் இலக்கணம் வகுத்த நாடு இது. 1706-இல் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அன்றுமுதல் தமிழ்ச் சபைகளில் ஓயாமல் நடந்துவரும் ஜெபத்துக்கு மட்டும் சூத்திரம் எழுத ஆளில்லை. அக்குறை தீர எழுந்தது இந்நூல். சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டையும் சொல்ல இடம் போதாது, மூன்றோடு நிறுத்துகிறோம். எல்லை, திருநெல்வேலிச் சீமை. கேட்போர், வீட்டு ஜெபக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள். பயன், யார் ஜெபித்தால் நமக்குத் தெம்பு வருகிறது என்று அறிதல்.

அளவியல்

ஜெபம் அளவால் மூன்று: குறில், நெடில், அளபெடை.

குறிலுக்குப் பேதுரு சான்று. கடல்மேல் நடக்கப் போய் மூழ்கத் தொடங்கியவர் முன்னுரை சொல்லவில்லை. காப்பாற்றும்படி ஒரே வரி கேட்டார், கை நீண்டது. வினாத்தாள் கைக்கு வரும் நொடியில் மாணவர் செய்வதும் இவ்வகையே.

நெடில், ஞாயிறு ஆராதனையில் ஐயர் செய்வது. நாட்டின் தலைவர்கள், மழை, நோயாளிகள் என வரிசை மாறாது.

அளபெடை வீட்டுக் கூட்டத்தில் பயிலும். ஏதேன் தோட்டத்தில் தொடங்கி, நோவாவின் பேழையில் ஏறி இறங்கி, 'கடைசியாக' என்று மூன்று முறை சொல்லி வீட்டுக்காரரின் முழங்கால்வலிக்கு வந்து சேர்வதற்குள், அடுக்களையில் ஊற்றி வைத்த காப்பி ஆடை கட்டிவிடும். நீளத்துக்கும் பலத்துக்கும் தொடர்பு உண்டோ எனில், இல்லை. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை தொட்டுக் கூவியும் நெருப்பு வரவில்லை. எலியாவின் ஜெபம் வேதத்தில் இரண்டே வசனம்.

ஓசையியல்

ஓசையால் வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்று. வல்லினத்தார் ஒலிபெருக்கி இருந்தாலும் அதை நம்பார். தெருமுனை டீக்கடைக்கும் விண்ணப்பம் தெளிவாகக் கேட்கும். மெல்லினத்துக்குத் தலைவி அன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்.

இடையினத்தார் பிறர் ஜெபத்தின் நடுவே 'ஆமென்', 'ஸ்தோத்திரம்' என்போர். தனித்து இயங்காததால் இவர்களைச் சார்பெழுத்து என்றும் சொல்லலாம். தாழ்த்தி எண்ணற்க. வாலிபப் பையன் ஒருவன் முதன்முறை சபை நடுவே எழுந்து, இரண்டு வாக்கியம் சொல்லி, மூன்றாவது வராமல் நிற்பான். மூலையில் சுவரில் சாய்ந்திருக்கும் கிழவி அந்த இடைவெளியில் ஒரு 'ஆமென்' போடுவாள். அவனுக்கு மூன்றாவது வாக்கியம் வந்துவிடும்.

பொருளியல்

ஜெபம் பொருளால் அகம், புறம் என இரண்டு. கடவுளை நோக்கியது அகம்; பக்கத்தில் இருப்பவரை நோக்கியது புறம்.

புறம் மேலும் விரியும். அறிவிப்பு ஜெபம்: "ஆண்டவரே, நாளைக் காலை பத்து மணிக்கு மதுரையில் தம்பிக்கு இன்டர்வியூ" என்று எல்லாம் அறிந்தவருக்கே தகவல் தருவது. பிரசங்க ஜெபம்: பிரசங்கிக்க வாய்ப்புக் கிடைக்காதவர் கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கிப்பது. குத்தல் ஜெபம்: "கணக்கு ஒப்புவிக்காத ஊழியரை உணர்த்தும்" என்பது, பொருளாளர் மட்டும் ஆமென் சொல்லமாட்டார்.

புறம் முழுதும் தள்ளத்தக்கதோ எனில், பிலிப்பிச் சிறையைப் பார்க்க. அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்ட பவுலும் சீலாவும் நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. நோக்கம் அகம், பயன் புறம். இதிலிருந்து பெறப்படும் தலைச்சூத்திரம்: கடவுளிடம் சொன்னது பக்கத்து அறைக்காரனுக்கும் தெம்பாகும், பக்கத்து அறைக்காரனுக்காகவே சொன்னது யாருக்கும் ஆகாது.

நம்பிக்கையியல்

நம்பிக்கை முழு, அரை, இரவல் என மூன்று. அரைக்குச் சான்று எருசலேமில் மரியாள் வீடு. சிறையிலிருந்த பேதுருவுக்காக ஊக்கமாக ஜெபம் நடக்கிறது. பேதுருவே வந்து கதவைத் தட்டுகிறார். செய்தி சொன்ன ரோதை என்ற பெண்ணைப் பார்த்து, உனக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்றது அந்த ஜெபக்கூட்டம். இருந்தும் விடுதலை கிடைத்திருந்தது. அரை நம்பிக்கைக்காரர் ஆறுதல் கொள்க.

இரவலே நம் காலத்தில் மிகுதியும் வேண்டப்படுவது. கட்டிலோடு தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் நம்பிக்கையைப் பார்த்தே இயேசு திமிர்வாதக்காரனிடம் பேசினார். இவ்வகையினரை எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் காணலாம். ஜிப் வைத்த பைபிள், தோளில் துணிப்பை. ஆபரேஷனுக்கு முந்திய சாயங்காலம் வருவார்.

"சாப்பிட விட்டாங்களா?"

"இட்லி மட்டும்க்கா. பத்து மணிக்கு மேல தண்ணிகூடக் கிடையாதாம்."

டிரிப் ஏறும் கையை விட்டு மற்றக் கையைப் பிடித்துக்கொள்வார். டாக்டரின் கை, மயக்க மருந்து, ராத்திரி டியூட்டி நர்ஸ், வீட்டில் பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள்: இரண்டு நிமிஷத்தில் முடியும். பக்கத்துக் கட்டில் அம்மாள் நெற்றியில் திருநீற்றோடு எழுந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்பார். பேர் கேட்டுச் சொல்லிவிட்டு, இருவர் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போவார். அளவு குறில், ஓசை மெல்லினம், நோக்கம் அகம். தெம்பு இரண்டு கட்டிலுக்கு.

விடையியல்

நன்னூலார் விடையை எட்டாகப் பகுத்தார். சாட்சி நேரத்தில் எழுந்து நிற்போரில் பலர் அவற்றுள் 'நேர்' ஒன்றையே அறிவர்: கேட்டோம், கிடைத்தது. வேதத்தில் மற்றவையும் உண்டு. செங்கடல் முன் முறையிட்ட மோசேக்கு, ஜனங்களை நடக்கச் சொல் என்றது ஏவல். யோபுக்குக் கிடைத்தது வினாவெதிர் வினாதல்.

'இல்லை' என மறுக்கும் 'மறை' விடைக்கு டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் சான்று. அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது நீலக் கண் கேட்டு ஜெபித்துத் தூங்கி, காலையில் கண்ணாடியில் பழுப்புக் கண்ணையே கண்டார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை. 1931-இல் விழுந்து அடிபட்டார்; 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையே வாசம். அந்த அறையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்கள் படுக்கையில் கிடந்த எத்தனையோ பேருக்குப் போய்ச் சேர்ந்தன. 'நேர்' பெற்றவர் நன்றி சொல்வார். 'மறை' பெற்றும் ஜெபிப்பவரைப் பார்த்தே மற்றவர்கள் நம்பத் துணிவார்கள்.

புறனடை

"ஜெபத்துல வச்சுக்கிறேன்" என்று சொல்லிப் படியிறங்குமுன் மறப்போர் எண்ணிறந்தோர். அவர்களுக்குத் தனி இயல் வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சந்தையில் நம்மைக் கண்டு, கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி வேலை என்னாச்சு? இன்னும் அவனுக்காக ஜெபிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்போர் மிகச் சிலர். இவர்கள் மேற்சொன்ன வகை எதிலும் அடங்கார். வகுக்க முயன்று விட்டுவிட்டோம். உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த இலக்கணத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் காரியத்தை அவரிடம் சொல்லி வைக்க.