உற்சவர்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மூலவர் உள்ளேயே இருப்பார். உற்சவர் வெளியே போய்க்கொண்டே இருப்பார். நான் ட்யூட்டராக இருக்கும் பி.காம். வகுப்பிலும் அப்படித்தான். அறுபது மூலவர்கள் பெஞ்சில் எழுந்தருளியிருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் பெரிய பெருமாளைப் போலவே சயனக் கோலம். ஒருவன் மட்டும் உற்சவர். ஜூனில் கல்லூரி திறந்தால் ஏப்ரல் வரை அவனுக்குப் புறப்பாடு.

பேட்ச் மாறும், பெயர் மாறும், ஆள் மாறமாட்டான். அவனிடம் பேனா இருக்காது. ஆனால் துறை சீல் எந்த டிராயரில் இருக்கிறது என்று துறைத் தலைவருக்கே அவன்தான் சொல்லுவான். பையைத் திறந்தால் குத்துவிளக்குத் திரி, சேஃப்டி பின், மைக்குக்கு பேட்டரி, போன மாதம் சிறப்பு விருந்தினர் மறந்துவிட்டுப் போன பொன்னாடை எல்லாம் வரும். ரெக்கார்டு நோட்டு மட்டும் வராது. "பையன்கிட்ட இருக்கு சார்" என்பான். எந்தப் பையன் என்று நானும் கேட்பதில்லை.

அவனுடைய வேதம் ஓ.டி., அதாவது ‘ஆன் ட்யூட்டி’ ஃபாரம். செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள்; தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். கணக்குப் போட்டால் 67½ நாள் வருகிறது. அரை நாளைக் கல்லூரி விடுமா? 68 என்று வைத்துக்கொள்ளும். சென்ற செமஸ்டரில் நம் ஆள் வகுப்புக்கு வந்தது 49 நாள், ஓ.டி. 19 நாள். கூட்டிப் பாருங்கள். ஒரு நாள் கூடவும் இல்லை, ஒரு நாள் குறையவும் இல்லை. இந்தப் பையனுக்குத்தான் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர்.

அவனை நான் முழுதாகப் பார்த்தது பச்சைமலையில். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். துணைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று என்னைப் பிடித்து அனுப்பினார்கள். 1969-இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆரம்பித்த திட்டம் இது. மாணவன் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்யவேண்டும் என்பது விதி. நம் உற்சவர் அதை ஆகஸ்டுக்குள் முடித்துவிட்டு, அதற்கப்புறம் இலவசமாகச் செய்துகொண்டிருந்தான்.

துறையூர் தாண்டி, சோபனபுரத்தில் மலையேறி, டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐம்பது பேர் இறங்கினோம். மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். முதல் வருஷப் பையன் ஒருவன், "எனக்கு மலையாளம் தெரியாதே சார்" என்று கலங்கிப்போனான். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர், பேசுவது தமிழ்தானடா என்று உற்சவர்தான் அவனைத் தேற்றினான். ஊர்ப் பாட்டி ஒருவர் அதற்குள் இவனைப் பேராண்டி ஆக்கிக்கொண்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கையில் திணித்திருந்தார். ஜீயபுரத்தில் பெருமாளுக்குப் பழைய சோறு போட்ட பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

சமையல் பொறுப்பு அவனிடம். இரண்டாம் நாளே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், துறையூர்ல போய் உருளைக்கிழங்கு வாங்கினா காய் விலை ஒண்ணு, பஸ் சார்ஜ் ஒண்ணு, லக்கேஜ் ஒண்ணு, போற ரெண்டு பேருக்கு டீ ஒண்ணு. இங்கேயே ஆயா தோட்டத்துல மரவள்ளி வாங்கினா ஏத்துக்கூலிகூட இல்லை. ஆனா தோல் சீவினா கொஞ்சம் கழிவு போகும். அதையும் சேர்த்தே பார்த்துட்டேன், நமக்கு லாபம்தான்."

பொருள் அடக்கவிலை, உள்வரு போக்குவரத்து, இயல்பான சேதாரம். மூன்று மாதம் கரும்பலகையில் நான் தொண்டை கிழியக் கத்தியதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டான். எனக்குக் கோபமாக வந்தது.

"இதையேதானேடா பரீட்சையில கேட்டாங்க?"

தலையைச் சொறிந்தான். "அது ‘எக்ஸ் லிமிடெட்’டுன்னு இருந்துச்சு சார். அதுல யாருக்கும் பசிக்கலையே."

இதற்கு என்ன பதில் சொல்வது? பாடத்திட்டக் குழுவில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஏழாம் நாள் எல்லோரையும் மங்களம் அருவிக்குக் கூட்டிப்போய், தலையெண்ணிக் குளிக்கவிட்டு, தலையெண்ணி ஏற்றினான். முகாம் கணக்கில் மிச்சம் பதினோரு ரூபாய். ரசீதுகளோடு என் கையில் வைத்தான். வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிற மூலவரை அன்று பாத்திரம் கழுவப் போட்டிருந்தார்கள்; அண்டாவுக்குள் எப்படி இறங்குவது என்று நின்றுகொண்டிருந்தான். அவனையும் குறை சொல்லமாட்டேன். அவன் வேலை பார்க்கப்போகும் வங்கியில் அண்டா இருக்காது.

கீழே வந்தால் மட்டையடி காத்திருந்தது. உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டு வந்த ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாளுக்குப் பங்குனி உத்திரத்தன்று தாயார் சன்னதியில் கதவைச் சாத்துவார்கள் இல்லையா, அப்படித் துறைத் தலைவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. முகாமில் இருந்தபோது இங்கே ஓர் இன்டர்னல் டெஸ்ட் நடந்து முடிந்திருந்தது. "எங்கே போனே, யாரைக் கேட்டுப் போனே, நான் கையெழுத்துப் போட்டேனா?" உள்ளேயிருந்து கேள்வி மேல் கேள்வி. பெருமாள் மேல் பூவை எறிவார்கள். இவன் மேல் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் வந்தது. அங்கே நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைப்பார். இங்கே யார் இருக்கிறார்கள்? நான்தான்.

"சார், அடுத்த வாரம் நாக் கமிட்டி வருது. ஸ்டேஜ், சாப்பாடு, கோலம் எல்லாத்தையும் இவன்தான் பார்க்கணும்" என்றேன்.

கதவு திறந்தது. டெஸ்ட் தனியாக எழுதவும் அனுமதி கிடைத்தது.

ஏப்ரலில் காஸ்ட் அக்கவுண்டிங் அரியரை மறுபடி எழுதினான். ராத்திரி பதினொன்றரைக்கு ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "சார், எக்ஸ் லிமிடெட்டை ஆயா தோட்டம்னு நினைச்சுக்கிட்டுப் போட்டா விடை வந்துடுது" என்றான். பாஸ் மார்க் 40. அவன் வாங்கியதும் 40. அந்தத் தாளைத் திருத்தியது நான் இல்லை.