சம்பளமில்லாத கேப்டனுக்கு

ஏலே கேப்டன், கொஞ்சம் இங்கன வந்து உக்காரு. ப்ளேனு எங்கயும் விழுந்துராது. அதுதான் ஆட்டோபைலட்ல கெடக்கே.

நேத்து சாயந்திரம் சென்னையில கெளம்புன. துபாய் போறேன்னு சொன்ன. ஏர்பஸ் ஏ320. கெளம்புறதுக்கு முன்னால அரை மணி நேரம் அந்தச் சின்னப் பொட்டியில நம்பர் நம்பரா தட்டுன. ஒரு ஈ காக்கா இல்லாத கேபினைப் பாத்து, சீட் பெல்ட் போட்டுக்கிடுங்கன்னு அறிவிப்பு வேற. சரி, பெரிய வேலைதான் போலன்னு நானும் பின்னால நாற்காலி போட்டு உக்காந்தேன். சக்கரம் தரையை விட்டுச்சு. ஒரு பொத்தானை அமுக்குன. எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்ட. தோசை தின்ன, போன் பாத்த, குளிச்ச. அரபிக் கடல் பூரா நாந்தாம்லே காவல் இருந்தேன். நாலு மணி நேரம் கழிச்சு வந்து, அது தானா எறங்குறதை வேடிக்கை பாத்துட்டு, "பட்டர் லேண்டிங் தாத்தா!"ங்க. வெண்ணெய் கடைஞ்சது பொட்டி, பேரு ஒனக்கா?

அசல் கேப்டனுக்கு மாசம் பொறந்தா சம்பளம். ஒனக்கு மாசம் பொறந்தா கரண்ட் பில்லு, அதுவும் எம் பென்சன்ல.

கொறை சொல்லுதேன்னு நெனைக்காத. அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கிடதுக்கே ஒரு மூளை வேணும், அது ஒனக்கு இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா கல்யாண வீட்டுல எலை நெறைய வகை வகையா பரிமாறி வச்சிருக்க, அப்பளத்தை மட்டும் நொறுக்கிட்டு எந்திரிச்சுப் போறவனை நான் இப்பத்தான் பாக்குதேன். மைக்ரோசாஃப்ட்காரன் 1982-ல மொதல்ல இந்த ப்ளேன் ஓட்டுற சிமுலேட்டரை விட்டான். 40 வருசம் ஆச்சுன்னு 2022-ல கொண்டாடுனப்ப ஹெலிகாப்டர், கிளைடர், பழைய காலத்து ப்ளேன் எல்லாத்தையும் சும்மாவே குடுத்தான். சும்மா குடுத்ததை நீ தெறந்துகூடப் பாக்கலை. நீ காலேஜ் போன பெறகு பகல் பூரா அந்தக் கம்ப்யூட்டர் யார் கையில இருக்குன்னு நெனச்ச?

அதுல ரைட் சகோதரர்கள் 1903-ல ஓட்டுன ப்ளேனே இருக்குலே. குப்புறப் படுத்துக்கிட்டு ஓட்டணும். இடுப்பை அசைச்சா றெக்கை முறுக்கிக்கிடும். மூக்கைத் தூக்குற பலகை முன்னால இருக்கு, அதனால தொட்டா எகிறும், விட்டா குத்தும். அவுக மொதல்ல பறந்தது 12 செகண்டு, 120 அடி. நீ 40,000 அடிக்குக் கிட்டப் போற ஆளு. அதை அந்த 12 செகண்டு ஆகாசத்துல நிப்பாட்டிக் காட்டு, ஒனக்கு ஒரு வேட்டி எடுத்துத் தாரேன். லிண்ட்பெர்க் 1927-ல நியூயார்க்ல இருந்து பாரீசுக்கு முப்பத்து மூணரை மணி நேரம் ஒத்தையில ஓட்டிட்டுப் போனாரே, அந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிசும் இருக்கு. அதுல முன்கண்ணாடியே கெடையாது, பெட்ரோல் டாங்கி மறைச்சுக்கிட்டு நிக்கும். சன்னல் வழியா பக்கவாட்டுல பாத்துத்தான் எறக்கணும். ஒனக்குத்தான் முன்னால பாக்குற பழக்கமே இல்லையே, அது ரொம்பத் தோதுப்படும்.

கிளைடர்னு சொன்னதும் அன்னைக்குச் சிரிச்ச. "எஞ்சின் இல்லாத ப்ளேன் என்ன தாத்தா வெளங்கும்?" வெளங்கும்லே. இன்னைக்குக் காலத்து நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்துல இருந்து, காத்து சும்மா இருந்தாலே 40 கிலோமீட்டருக்கு மேல சறுக்கிட்டுப் போவும். காத்து மேல ஏறுற எடத்தைக் கண்டுபிடிச்சுட்டா எறங்கவே வேண்டாம். வெயில்ல சூடான தரைக்கு மேல காத்து தூணாட்டம் எந்திரிக்கும், அதோட தலையில பஞ்சு மேகம் நிக்கும். மேகத்துக்கு அடியில போய் நில்லு. மேல ஏறுனா ஒரு கருவி டிட் டிட்டுன்னு கத்தும். கத்துனதும் றெக்கையை நல்லாச் சாச்சு வட்டம் போடணும். சத்தம் கொறைஞ்சா வட்டத்தை நகத்தணும். நெசத்துல ஓட்டுறவுக பருந்து எங்க சுத்துதுன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே போவாக. அங்கயும் இங்கயும் பராக்குப் பாத்தா ஆச்சு, கத்துறது நின்னுரும். தோசைக்கு எந்திரிச்சுப் போவ முடியாது.

இதுல நம்ம ஊருக்காரனுக்கு ஒரு வசதி இருக்கு. தென்காசியில பொறந்துட்டு மலைக்காத்து தெரியலைன்னா கேவலம். ஆடிக் காத்து மேக்கே இருந்து வருதுல்லா, மலையில எங்க மோதும்? கேரளாப் பக்கம். அங்கதான் அது சரிவு மேல ஏறும், ஏறுனதால குளுந்து மழையாக் கொட்டும். முகட்டைத் தாண்டி நம்ம பக்கம் அது சரிஞ்சு எறங்கும். கிளைடரை எங்க ஓட்டணும்னு இப்பச் சொல்லு. சிமுலேட்டர்ல மேக்குக் காத்தை நல்லா வச்சு விட்டுட்டு, நம்ம வீட்டைப் பாக்கணும்னு ஆசையில இந்தப் பக்கம் வந்தேன்னு வையி, ஒன்னைய வயக்காட்டுல உக்கார வச்சிரும். அந்தப் பக்கத்துச் சரிவை ஒட்டிக்கிட்டே தெக்கு வடக்கா போய் வந்தா, பொழுதடையுற வரைக்கும் ஆகாசத்துல நிக்கலாம். இதுக்குன்னே காண்டோர்னு தனிச் சிமுலேட்டர் இருக்கு, கிளைடர் மட்டும்தான். காசில்லாம வேணும்னா ஃப்ளைட்கியர் இருக்கு, அதுலயும் கிளைடர் ஓட்டலாம். ஆக, காசு இல்லைன்னு சாக்குச் சொல்ல வழி இல்ல.

"ஏர்பஸ்காரனுக்கு இது எதுக்கு?"ன்னு கேப்ப. கேட்டியா, நல்ல கேள்வி. 1983 ஜூலை 23. ஏர் கனடா போயிங் 767. கிலோவுக்கும் பவுண்டுக்கும் கணக்குப் பெசகி, பாதி எண்ணெய்தான் ஊத்தியிருக்காக. 41,000 அடியில போய்க்கிட்டு இருக்கும்போது எஞ்சின் ஒண்ணு மாத்தி ஒண்ணு நின்னு போச்சு. பொட்டி எல்லாம் அணைஞ்சு போச்சு. இப்ப எந்தப் பொத்தானை அமுக்குவ? அதை ஓட்டுன ராபர்ட் பியர்சன் லீவு நாள்ல கிளைடர் ஓட்டுற ஆளு. கிம்லிங்கற பழைய விமானப்படைத் தளத்துக்குக் கொண்டாந்தாரு. உயரம் கூடப் போச்சுன்னதும், ப்ளேனை ஒருச்சாய்ச்சுக் கோணலா சறுக்க விட்டு உயரத்தைக் கொறைச்சாரு. கிளைடர்ல பண்ணுற வித்தை அது, அத்தாம் பெரிய போயிங்குல பண்ணிப்புட்டாரு. மூக்குச் சக்கரம் மடங்குச்சு, ஆனா ஒரு உசிரு போவலை. இப்ப நடு ஆகாசத்துல ஒன் ஏர்பஸ்ஸோட ரெண்டு எஞ்சினையும் நான் அணைச்சுவிட்டா நீ என்ன செய்வ? "ரீஸ்டார்ட்"ன்னு சிமுலேட்டரை அணைச்சுப் போட்டுட்டு எந்திரிப்ப. எனக்குத் தெரியாதா.

அடுத்தது வழி. திரையில வழி காட்டுற கோடு இருக்குல்லா, அதை அணை. ஜி.பி.எஸ். அணைஞ்சா கை நடுங்குது பாரு! நான் தபாலாபீசுல முத்திரை குத்தியே கை காய்ச்சவன், எனக்கு ஒரு பயணம்னா ரொம்பப் பிடிக்கும். 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா ஒரு புஸ் மாத் ப்ளேன்ல, கராச்சியில இருந்து தபால் மூட்டையோட கெளம்புனாரு. ஒத்தை எஞ்சின். ரேடியோ கெடையாது. அகமதாபாத்துல எறங்குனா, பெட்ரோல் தகரம் மாட்டு வண்டியில ஏறி வருது. பம்பாய் ஜூஹுவுல எறங்கித் தபாலைக் குடுத்தாரு. அங்கேருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸ் கொண்டாந்து சேத்தாரு. பெறகு ஏர் இந்தியாவா வளந்தது இதுதான். 50 வருசம் ஆனதும், 1982-ல, டாடா தன்னோட 78 வயசுல ஒரு லெப்பர்ட் மாத்தைக் கெளப்பிக் கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டுனாரு. 78-ங்கறதை நல்லாக் கேட்டுக்கோ. கெழவனுக்கு என்னத்துக்கு ப்ளேனுன்னு இனி ஒருத்தரும் இந்த வீட்டுல பேசக் கூடாது.

அந்தக் கடைசித் துண்டை ஓட்டிப் பாரு. பெல்லாரியில இருந்து மெட்ராஸ், நேர்கோட்டுல சுமார் 430 கிலோமீட்டர். புஸ் மாத் இல்லைன்னா செஸ்னா 152-யைக் கொஞ்சம் மெதுவா ஓட்டு. கையில ஒரு வரைபடம், ஒரு கடிகாரம், ஒரு திசைகாட்டி, அம்புட்டுதான். ஒரு டிகிரி பெசகுனா 60 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் தள்ளிப் போவ. 430-க்கு 7 கிலோமீட்டர். பக்கக் காத்து தள்ளுனா அதைப் போல அஞ்சு மடங்கு போயிரும், மெட்ராஸே கண்ணுல படாது. கடல் வரும், சரி, ஆனா மெட்ராஸ் வலப்பக்கமா எடப்பக்கமான்னு தெரியாது. அப்ப என்ன செய்யணும்?

வேணும்னே தப்பாப் போவணும்லே. நேரா மெட்ராஸைக் குறி வைக்காத. வடக்கே தள்ளிப் பழவேற்காட்டைக் குறி வையி. அம்மாம் பெரிய ஏரி, தப்பாது. கடல் வந்துச்சா, யோசிக்காம வலது கைப் பக்கம் திரும்பு, கரையை ஒட்டி வா, மெட்ராஸ் தானா வரும். இது எஞ் சொந்தச் சரக்கு இல்ல. பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1931-ல நியூசிலாந்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஜிப்சி மாத்துல ஒத்தையாக் கடல் தாண்டும்போது, நோர்ஃபோக் தீவையும் லார்ட் ஹோவ் தீவையும் இப்படித்தான் கண்டுபிடிச்சாரு. கடல் நடுவுல கடுகத்தனை தீவு. நேராப் போனா தவற விட்டுருவோம்னு ஒரு பக்கமா ஒதுங்கிப் போயி, கணக்குப்படி வந்ததும் திரும்புனாரு. ஒழுங்கா வழி தெரிஞ்சவனுக்குத்தான் வேணும்னே வழி தப்பத் தெரியும். ஒனக்கு அந்தத் திரைக் கோட்டைத் தவிர என்ன தெரியும்?

நேரமில்லைன்னு சொல்லாத. நாலு மணி நேரம் துபாய்க்கு இருக்கு, ரெண்டு நிமிசம் இல்லையா? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுக்கூட்டம். வெஸ்ட்ரேயில இருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு லோகன் ஏர் ஓட்டுற ப்ளேன் போவுது. தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணையில ரெண்டு நிமிசம். காத்து தோதா அடிச்சா 53 செகண்டுல போயிருக்கான். ஐலண்டர்னு ரெட்டை எஞ்சின் ப்ளேன். அந்த ரெண்டு நிமிசத்துல ஏறணும், திரும்பணும், எறங்கணும். எந்தப் பொத்தானையும் அமுக்கத் தோணாது, தோணுறதுக்குள்ள தரை வந்துரும். அதே லோகன் ஏர்காரன் பாராங்கற தீவுக்குப் போனா, ஓடுபாதையே கடற்கரை மணல்தான். அலை ஏறுனா ஓடுபாதை முங்கிப் போவும். அட்டவணையை எழுதுறது கடல். நேபாளத்துல லுக்லா இருக்கு. 2,800 மீட்டர் உயரத்துல 527 மீட்டர் ஓடுபாதை, அதுவும் ஏத்தமா. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. கிட்ட வந்த பெறகு வேண்டாம்னு திரும்ப முடியாது. காத்து மெலிஞ்சு கெடக்குறதால, கருவியில வேகம் ஒழுங்காத்தான் காட்டும், தரை மட்டும் விருட்டுன்னு ஓடும். அங்கதாம்லே கைவரிசையைக் காட்டணும். துபாயில ரெண்டரை மைலுக்கு மேல நீளமாச் சிமெண்டு போட்டு வச்சிருந்தா எங் கண்ணை மூடிக்கிட்டு நானே எறக்குவேன்.

காட்டுத் தீ அணைக்கிறது இருக்கு. கனடேர் சிஎல்-415 ஏரியில வயித்தைத் தேச்சுக்கிட்டே 12 செகண்டுல 6,000 லிட்டர் அள்ளும். நம்ம ஊர்த் தண்ணி லாரிக்காரன் பாத்தா அழுவான். தண்ணி ஏறுனதும் கனம் கூடும், மூக்கு அடம்பிடிக்கும், முன்னால மரம் நிக்கும். ஹெலிகாப்டர்னா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன்: தரைக்கு மேல ஒரு ஆள் உயரத்துல, நகராம நில்லு. வேற எதுவும் வேண்டாம். ரெண்டு காலு, ரெண்டு கை, எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யும். மத்ததை நீயே தெரிஞ்சுக்கிடுவ, சத்தமும் நாங்க கேட்டுக்கிடுவோம். வாட்சிம்னு ஒரு எடத்துல நெறைய பேரு சேந்து பறக்கானுவ, அங்க ப்ளேனே ஓட்டாம கட்டுப்பாட்டு அறையில உக்காந்து மத்தவனுக்கு உத்தரவு போடுற வேலையும் இருக்கு. பரீட்சை எழுதணும். அதனாலதான் நீ அந்தப் பக்கம் தலை வைக்கலைன்னு எனக்குத் தெரியும்.

என்ன அங்கயும் இங்கயும் தேடுத? ஜாய்ஸ்டிக்கா? அது ஒங்க ஆச்சி பெட்டகத்துல பத்திரமா இருக்கு, சாவி அவ சுருக்குப்பையில. போய்க் கேளு, குடுப்பா. ஆனா எந்த ஊருல இருந்து எந்த ஊரு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிசம்னு தாளுல எழுதிக் காட்டணும். அவளுக்குக் கணக்கு வராதுன்னு நெனைச்சுறாத, இந்த வீட்டுச் சீட்டுப் பணம் பூரா அவ மனக்கணக்கு. ஏ320-ன்னு வாயைத் தெறந்தியோ, பையை இறுக்கி இடுப்புல சொருகிருவா.