பழைய பேட்டரிக்கு ஏன் இத்தனை மரியாதை?

பழைய கார் பேட்டரியைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார்களே, கடைக்காரருக்கு நம்மேல் அவ்வளவு பாசமா?

பாசம் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்தின் மேல்! பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். எத்தனை முறை உருக்கினாலும் மறுபடி உழைக்கும். உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் ஈயத்தில் பாதிக்கு மேல் சுரங்கத்திலிருந்து வருவதில்லை, பழசை உருக்கித்தான் வருகிறது.

ஆனால், அதை எங்கே உருக்குகிறார்கள் என்று கேட்டீர்களா? செனகலில், டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் பகுதியில் குடியிருப்புகளுக்கு நடுவே திறந்தவெளியில் பேட்டரி உடைத்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். உடன்பிறந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தால், ஈயம் ஆபத்தான அளவில் இருந்தது. அதனால், நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பழைய பேட்டரியைத் தெருவோரத்தில் உடைப்பவரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.