பிடரி நோக்கல்: தேவாலயக் கச்சேரியில் கண் போகும் இடம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

செல்லோவும் ஆர்கனும் சேர்ந்து ஒலிக்கும் தேவாலயக் கச்சேரியில் காதுக்கு வேலை உண்டு. கண்ணுக்கு என்ன வேலை? இவ்வினாவை இதுகாறும் எவரும் எழுப்பவில்லை. எவரும் எழுப்பாததே ஒன்றை ஆராயப் போதிய காரணம் என்பது ஆய்வுலகில் நிலைபெற்ற மரபு.

ஆய்வுக் களம் பாரீஸின் மதலேன் தேவாலயம். தன் படையின் புகழ் பாடும் கோயிலாக நெப்போலியன் 1806-இல் எழுப்பச் சொன்னது, ஆட்சிகள் மாறி மாறி 1842-இல் தேவாலயமாகக் கட்டி முடிந்தது. வெளியே 52 தூண்கள். சுவரில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் கூரையின் குவிமாடங்கள் வழியே இறங்குகிறது. ஆகவே தெருவை வேடிக்கை பார்க்கவும் வழியில்லை. கவாயே-கோல் 1846-இல் கட்டிமுடித்த ஆர்கன் வாசலுக்கு மேலுள்ள மாடியில் இருக்கிறது. 1858 முதல் 1877 வரை அதை வாசித்தவர் கமீல் சான்-சான்ஸ். 1896 முதல் 1905 வரை கப்ரியேல் ஃபோரே. நாற்காலிகளோ பீடத்தை நோக்கியவை. அதாவது, காசு கொடுத்து வந்தவர்கள் அத்தனை பேரும் வாத்தியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இம்முதுகு இசையியலார் கண்ணில் படாமற் போனதில் வியப்பில்லை. அவர்கள் ஓசிச் சீட்டில் முதல் வரிசையில் அமர்பவர்கள். அவர்களுக்கு முன்னால் முதுகே கிடையாது.

2. ஆய்வு எல்லை

இசை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

3. பார்வை வகைகள்

நோக்கு அறுவகைப்படும் என்ப.

பீடம் நோக்கல்: பக்தர்க்கு உரியது.

கூரை நோக்கல்: கழுத்து வலிக்கும்வரை நிகழும்.

கண்மூடல்: ரசனை, உறக்கம் என இரண்டு. குறட்டை வந்தால் பின்னது.

தாள் நோக்கல்: இன்னும் எத்தனை உருப்படி பாக்கி என்று நிகழ்ச்சி நிரலில் எண்ணுவது. முதன்முறை எண்ணியபோது வந்த விடையே ஐந்தாம் முறையும் வருமாயின் உருப்படி நீளமானது என்று கொள்க.

செல்லோ நோக்கல்: இது எளிதெனத் தோன்றும், அன்று. செல்லோக்காரரைப் பீடத்தருகே உட்காரவைத்தால் எல்லாரும் பார்க்கலாம். ஆனால் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஆர்கனுக்கும் அவருக்கும் இடையே 68 மீட்டர் இருந்தால், ஒருவர் வாசித்தது மற்றவரை எட்ட 0.2 வினாடி ஆகும். விரைவான இடங்களில் இருவரும் வேறு வேறு கச்சேரி செய்வார்கள். மாடியில் ஆர்கன் பக்கத்திலேயே அமர்த்தினால் தாளம் சேரும், ஆள் தெரியாது. சுருதி விஷயத்திலும் செல்லோவே பணிய வேண்டும். குளிர்ந்தால் ஆர்கன் குழாய்களின் சுருதி இறங்கும்; அத்தனை குழாயையும் கச்சேரி நடுவே திருத்த முடியாது என்பதால் இவர்தான் முறுக்காணியைத் திருக வேண்டும்.

ஆள் தெரியும்படி அமர்ந்தாலும் அறிஞர் பார்ப்பது முகத்தையும் வில்லையும் மட்டுமே. பார்க்க வேண்டியது செல்லோவின் அடிக்கம்பி. அத்ரியான்-பிரான்சுவா செர்வே என்னும் பெல்ஜியக் கலைஞர் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பினார் என்பர். அதற்கு முன் பெரும்பாலும் வாத்தியத்தைக் கெண்டைக்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வாசித்தார்கள். பளிங்குத் தரையில் கம்பி வழுக்கும். அதனால் ஒரு வாரின் ஒரு முனையை நாற்காலிக் காலில் மாட்டி, மறுமுனையில் கம்பியின் கூர்நுனியை ஊன்றுகிறார்கள். செல்லோவின் ஆன்மாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அந்த ஆன்மா வழுக்கி விழாமல் தடுக்கும் வாருக்கு ஓர் அடிக்குறிப்பும் தந்தாரில்லை.

4. பிடரி நோக்கல்

மேற்கண்ட ஐந்திலும் நிலைகொள்ளாத கண் இறுதியில் வந்து தங்குமிடம் முன்னிருக்கைக்காரரின் பிடரி. பிடரியை மூலநூலாகக் கொள்ளலாமா என்று நெறியாளர்கள் ஐயுறக்கூடும். முன்மாதிரி இருக்கிறது. பாக் இயற்றிய ஆறு செல்லோத் தொகுப்புகளுக்கு அவர் கைப்பட எழுதிய படி கிடைக்கவில்லை. மனைவி அன்னா மக்தலேனா எடுத்த படியில், ஒரே வில்லில் எத்தனை சுரம் என்று காட்டும் வளைகோடு எந்தச் சுரத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று இன்றும் வழக்கு நடக்கிறது. மைக்கோட்டுக்கு உள்ள உரிமை மயிர்க்கோட்டுக்கு ஏன் இல்லை? (இந்த மக்தலேனாவும் மதலேன் தேவாலயத்துக்குரிய புனித மக்தலேனாவும் ஒருவரே என நிறுவும் கட்டுரை தயாராகி வருகிறது. ஔவையார் எத்தனை பேர் என்று எண்ணித் தேர்ந்தவர்களுக்கு இது பெரிய வேலையன்று.)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நடுவயது ஆண் பிடரி. சட்டைக் காலருக்கு மேலே மடிப்பு இரண்டு. மேல்மடிப்பு தொன்மையானது, கீழ்மடிப்பு பிற்காலத்தது (முன்வரிசைப் பிடரி, மடிப்பு 1–2). முடிவெட்டு இடப்பக்கம் நேராகவும் வலப்பக்கம் சற்றே ஏறியும் உள்ளது (மேலது, மயிரெல்லை, வலம்). ஏற்றம் நாவிதர் கைப்பிழை என்பர் ஒருசாரார். அதுவே நூலாசிரியர் கருத்து என்பர் மறுசாரார். ஆர்கனின் நீளமான குழாய்கள் ஒலிக்கையில் அதிர்வைக் காது கேட்பதைவிட உடம்பு உணர்வதே அதிகம். அப்போது மேல்மடிப்பு அசைந்தது; கீழ்மடிப்பு அசையவில்லை. எனவே பிற்காலத்தவர்க்கு இசைஞானம் குறைவு எனத் துணியலாம்.

பெருஞ்சிக்கல் மச்சம். வலக்காதுக்கு இரண்டு விரற்கடை கீழே கருநிறப் புள்ளி ஒன்று. மூலத்திலேயே உள்ள மச்சம் என்பது முதற்கொள்கை (முன்வரிசைப் பிடரி, இடைவேளைக்கு முந்திய பதிப்பு, வலப்புறம்). தலைச்சாயம் சிந்திய துளி, ஆகவே இடைச்செருகல் என்பது இரண்டாம் கொள்கை (மேலது, ஒப்புநோக்குக: பக்கத்து இருக்கை அம்மையார், இடக்காதோரம், நரை தொடங்குமிடம்). இரண்டையும் மறுத்துவிட்டு மூன்றாவதாக எதுவும் சொல்லாமல் அமர்வது மூன்றாம் கொள்கை. கருத்தரங்கத் தலைமையுரைகள் பெரும்பாலும் இதன்பாற்படும். சான்-சான்ஸ் 1919-இல் செல்லோவுக்கும் ஆர்கனுக்குமாக எழுதிய ‘பிரியேர்’ ஒலித்துக்கொண்டிருந்தபோது மச்சம் நடந்தது. நின்று முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிறகு பறந்துபோனது.

‘ஈ’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது பாமரர் வழக்கம். ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. பறந்தது ஈ என்பதால் இருந்தது மச்சமன்று என்று ஆகிவிடுமா? மச்சத்தின் மேல் ஈ அமர்ந்திருக்கலாம் அன்றோ? (முன்வரிசைப் பிடரி, ஈ நீங்கிய திருத்திய பதிப்பு, வலப்புறம், காதுமடல் நிழல் விழாதபோது, இப்பதிப்பில் மச்சம் விடுபட்டுள்ளது, அச்சுப்பிழை போலும், வேறுபாடு: ஈயின் பக்கம்.) இடைவேளைக்குப் பின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எண்ணியிருந்தோம். குளிர்கிறதென்று அவர் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். கரையான் தின்ற ஏட்டுக்கு நிகரான இழப்பு. அவிழ்த்துக் காட்டும்படி வேண்டியபோது அவர் பிரெஞ்சில் மொழிந்தவை துணைமை ஆதாரங்களாகக் கொள்ளப்பட்டன. நாகரிகம் கருதி மேற்கோள் தரவில்லை.

5. முடிவுரை

செல்லோவின் வில்லுக்கு நீளம் இவ்வளவு என்று உண்டு. ஒரு கட்டத்தில் அது திரும்பியே ஆக வேண்டும். ஆர்கனுக்குக் காற்று வந்துகொண்டிருக்கும்வரை மூச்சு முட்டாது. வில் திரும்பும் கணத்தில் ஆர்கன் அடியில் நின்று தாங்க, கல்மண்டபம் இரண்டையும் கலந்து திருப்பித் தருகிறது. இதற்கு எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது பொருட்டே இல்லை. அன்று அந்த மண்டபத்தில் இது காதில் விழாதவர் ஒருவர்தான். அவர் மச்சத்துக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

கட்டணம் கட்டினால் மறுநாளே கட்டுரையை ஏற்கும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று இதையும் ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டாளர் கேட்ட ஒரே திருத்தம்: மேற்கோள்கள் போதவில்லை, இன்னும் சில பிடரிகளைச் சேர்க்கவும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனித் தேவாலயக் கச்சேரிக்குப் போவதானால் முடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு போங்கள். பின்வரிசையில் நாங்கள் இருப்போம்.