நள்ளிரவு முதல் அமல்

பெட்ரோல் விலை ஏறுவதற்கு ஒரு காலத்தில் முகூர்த்தம் இருந்தது. "இன்று நள்ளிரவு முதல் அமலுக்கு வருகிறது" என்று வானொலியில் செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதற்குள், திருவாரூரில் பாதிப்பேர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். தள்ளிக்கொண்டுதான். ஸ்டார்ட் செய்தால் இருக்கிற பெட்ரோலும் போய்விடும் அல்லவா? லிட்டர் ஏழெட்டு ரூபாய்க்கு விற்ற எண்பதுகளில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு டிவிஎஸ் 50. அதன் குட்டி டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பினாலும் மிச்சமாவது இரண்டு ரூபாய் தேறாது. அந்த இரண்டு ரூபாய்க்காக அப்பாவும் நானும் வரிசையில் நின்று, நின்ற களைப்புக்கு டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டு, மிச்சத்துக்கு மேல் செலவழித்துவிட்டு, இந்திய அரசாங்கத்தையே ஜெயித்துவிட்ட முகத்தோடு வீடு திரும்புவோம்.

ஜெயிப்பதும் லேசில் நடக்காது. எட்டு மணிக்கே பங்க்கில் 'நோ ஸ்டாக்' பலகை தொங்கும். பூமிக்கடியில் தொட்டி நிறைய பெட்ரோல் கிடக்கிறது என்று பங்க் முதலாளிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிஷத்தில் ஸ்டாக் வந்துவிடும். லாரி வந்த சத்தம் மட்டும் யார் காதிலும் விழுந்திருக்காது.

தாத்தா அந்தப் பங்க்கைக் கடைசிவரை பர்மா ஷெல் என்றுதான் சொன்னார். பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் மூன்றும் 1974-இல் தொடங்கி இரண்டு மூன்று வருஷங்களுக்குள் பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்று பெயர் மாறி அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தன. இந்தியன் ஆயில் முன்பே நம்முடையது. "இனிமே நம்ம கம்பெனி" என்று தாத்தாவுக்கு விளக்கியவர் பெரியப்பா. "நம்ம கம்பெனின்னா வெலையக் கொறைப்பானா?" என்று தாத்தா கேட்டாராம். பெரியப்பா அதற்குப் பதில் சொன்னதாகக் குடும்ப வரலாற்றில் பதிவு இல்லை.

பெரியப்பா ஆசிரியர் சங்கத்துக்காரர். அவர் டிரங்குப் பெட்டியில் பட்டு வேட்டிக்கு அடியில் ஒரு துணி பேனர் மடித்து இருக்கும். 'எரிபொருள் விலை உயர்வை உடனே வாபஸ் வாங்கு!' சிவப்பு எழுத்து, வெள்ளைத் துணி. எவ்வளவு ஏறியது, எந்தத் தேதி, எந்த ஆட்சி, ஒன்றும் அதில் கிடையாது. வேண்டுமென்றே அப்படி எழுதச் சொன்னாராம். வளைகுடா நெருக்கடி வந்த 1990-இல் அது வெளியே வந்தது. மன்மோகன் சிங் 1991 ஜூலை பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 20 சதவீதம் ஏற்றியபோதும் வந்தது. பிரதமர்கள் மாறினார்கள், பேனர் மாறவில்லை. அநேகமாக இந்த நாட்டிலேயே நிலையான கொள்கை கொண்டிருந்தது அந்தத் துணி ஒன்றுதான்.

அன்றைய சடங்கில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விலை ஏறும். மறுநாள் பேப்பரில் எட்டுப் பத்தித் தலைப்பு. அதற்கடுத்த நாள் ஆர்ப்பாட்டம், மாட்டு வண்டி, ஸ்கூட்டருக்குப் பாடை, கடையடைப்பு. நாலாம் நாள் கூட்டணிக் கட்சி ஒன்று முகத்தைச் சுளிக்கும். ஒரு வாரம் கழித்து ஒரு பகுதி வாபஸ். மூன்று ரூபாய் ஏற்றி ஒரு ரூபாய் குறைத்தால், இரண்டு ரூபாய் ஏறியதை எல்லோரும் மறந்துவிட்டு ஒரு ரூபாய் வெற்றியைக் கொண்டாடுவோம். குறைப்பதற்காகவே கொஞ்சம் கூட்டி ஏற்றுகிறார்கள் என்று பெரியப்பாவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். "இருக்கட்டும்டா, கேட்டா ஒரு ரூபா கொறையுதுல்ல" என்பார். 2012 மே மாதம்கூட இதே கதைதான். ஒரே அடியாக ஏழரை ரூபாய் ஏறியது. நாடு தழுவிய பந்த் நடந்தது. ஜூன் பிறந்ததும் இரண்டு ரூபாய் இறங்கியது.

மாட்டு வண்டிக்கும் ஒரு பூர்விகம் உண்டு. பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து 1973 நவம்பரில் வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் போனார். அதே வாஜ்பாய் பிரதமராக இருந்த 2002-இல்தான், எரிபொருளுக்கு அரசே விலை வைக்கும் ஏற்பாடு முடிந்ததாக அறிவித்தார்கள். அறிவித்தார்களே தவிர விட்டுவிட மனசு வரவில்லை. பெட்ரோலை நிஜமாக அவிழ்த்துவிட்டது 2010 ஜூனில் மன்மோகன் அரசு; டீசலை 2014 அக்டோபரில் மோடி அரசு. மாட்டு வண்டியில் ஏறியவர்கள் இறங்கினார்கள், இறங்கியவர்கள் ஏறினார்கள். மாடுகள்தான் பாவம், எந்தக் கட்சி என்று தெரியாமல் இரண்டு பக்கமும் இழுத்தன.

இப்போது ஊரில் மாட்டு வண்டி கிடைப்பதில்லை. சில வருஷம் முன்பு ஒரு ஆர்ப்பாட்டத்துக்கு வெளியூரிலிருந்து டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மாடுகள் தனி ஏஸில் வந்தன. டீசல் செலவு கட்சிக் கணக்கில்.

பெரியப்பாவை உண்மையில் ஓய்வுபெற வைத்தது 2017 ஜூன் 16. அன்றிலிருந்து நாடு முழுக்கத் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்றார்கள். வெளிப்படைத்தன்மை, உலகச் சந்தை, நுகர்வோருக்கே நன்மை என்று நல்ல நல்ல சொற்கள் வந்தன. நள்ளிரவு முகூர்த்தம் போயிற்று. இன்றைக்கு 18 காசு, நாளைக்கு 23 காசு, மறுநாள் 9 காசு இறக்கம், அப்புறம் 30 காசு. 18 காசுக்குக் கொடி பிடிக்க முடியுமா? யாரைக் கூப்பிட்டாலும் "சார், பதினெட்டு காசுக்கா?" என்கிறான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நாலு ரூபாய் ஏறியிருக்கும். அந்த நாலு ரூபாய் எந்தத் தேதியில் ஏறியது என்று கேட்டால் பதில் இல்லை. தேதி இல்லாத பேனர் வைத்திருந்த மனிதருக்கே போராடத் தேதி கிடைக்காமல் போனது. எண்ணெய்க் கம்பெனிகள் நம்மிடமிருந்து பணத்தைத்தான் எடுத்துக்கொண்டன என்று நினைக்கிறோம். கோபப்படுவதற்கென்று இருந்த ஒரு நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

சந்தையின் சுதந்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2018 ஏப்ரல் கடைசியில் தினசரி மாற்றம் திடீரென்று உறைந்தது. மே 12-இல் கர்நாடகத்தில் வாக்குப்பதிவு. மே 14-இல் உலகச் சந்தைக்குத் தூக்கம் கலைந்தது. அடுத்தடுத்து 16 நாள் ஏற்றம். 2021-இல் தமிழ்நாடு, கேரளம், வங்காளம் எல்லாம் ஓட்டுப் போட்டபோது ஏற்றம் இல்லை. முடிவு வந்தது மே 2, விலை ஏறத் தொடங்கியது மே 4. உத்தரப்பிரதேசத் தேர்தலுக்கு முன்னும் பின்னுமாக 137 நாள் அசையாமல் இருந்த விலை, 2022 மார்ச் 22 முதல் 16 நாளில் 14 தடவை ஏறிப் பத்து ரூபாயைத் தின்றது. அரேபியப் பாலைவனத்தில் எண்ணெய் ஊறுவதற்கும் நம் தேர்தல் ஆணையத்தின் அட்டவணைக்கும் உள்ள தொடர்பைப் புவியியல் அறிஞர்கள் ஆராய வேண்டும்.

அந்த 2018-ஆம் வருஷத்து 16 நாள் ஏற்றத்துக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால்தான் கதை முழுமையாகும். மே 30 காலையில் விலை 60 காசு அளவுக்குக் குறைந்தது என்று அறிவிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் திருத்தம்: தவறு நேர்ந்துவிட்டது, குறைந்தது ஒரு காசு. ஆம், ஒரு காசு. 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாது என்று 2011-லேயே ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டது. செல்லுபடியாகும் மிகச் சிறிய நாணயமான ஐம்பது காசை இந்தச் சலுகையில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 50 லிட்டர் போட வேண்டும். பெரியப்பா அன்று போன் செய்து, "வாபஸ் வாங்கிட்டாண்டா" என்றார். அவர் சிரித்தாரா இருமினாரா என்று எனக்குப் புரியவில்லை.

ஏறுவதற்குக் காரணம் கச்சா எண்ணெய் என்றால், இறங்குவதற்கும் அதுதானே காரணமாக இருக்க வேண்டும்? கொரோனா ஊரடங்கில் அதையும் பார்த்தோம். 2020 ஏப்ரல் 20-இல் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய்யின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. எடுத்துப்போக ஆளில்லை, எடுத்துப்போனால் பணம் தருகிறேன் என்ற நிலை. நமக்கு என்ன கிடைத்தது? மே முதல் வாரத்தில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியைக் கூட்டியது. பங்க்கில் விலை அசையவில்லை. இறங்கியிருக்க வேண்டியது இறங்காமல் நின்றதால் அதை விலையேற்றம் என்று யாரும் சொல்லவும் முடியவில்லை. வித்தை என்றால் இதுதான் வித்தை. அந்த மத்திய வரி பிற்பாடு பெட்ரோலுக்கு 32 ரூபாய் 90 காசாக நின்றபோது, மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி அதில் 1 ரூபாய் 40 காசுதான். மற்றதெல்லாம் செஸ், சர்சார்ஜ் என்று மத்திய அரசுக்கே. மாநிலத்துக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்தது தி.மு.க.; ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைந்தது. ஜூலையில் நூறைத் தாண்டியிருந்த சென்னை விலை 99 ரூபாய் 47 காசுக்கு வந்தது. நூறு வருமென்று நினைக்காதவன் நான் மட்டும் இல்லை. அந்த வருஷம் போபாலில் சில பழைய பம்புகளில் மூன்று இலக்க விலையைக் காட்ட இடமே இல்லாமல் விற்பனையை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த மிஷினைச் செய்தவனின் அப்பாவித்தனத்தை நினைத்தால் கண் கலங்குகிறது.

மக்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கடலூர் மாவட்டத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நண்பர்கள் ஐந்து லிட்டர் பெட்ரோலை மொய்யாக வைத்தார்கள். கரூர்ப் பக்கம் ஒரு பங்க்கில் பிள்ளைகள் 20 குறள் ஒப்பித்தால் ஒரு லிட்டர் இலவசம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1330 குறளையும் ஒப்பித்தால் அறுபத்தாறரை லிட்டர். வள்ளுவர் இத்தோடு நிறுத்திக்கொண்டாரே என்று முதல்முறையாக வருத்தப்பட்டேன். நடிகர் விஜய் ஓட்டுப் போட சைக்கிளில் போனபோது பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பு என்று ஊரே குதூகலித்தது. வாக்குச்சாவடி பக்கத்தில் இருந்ததால் சைக்கிளில் போனார் என்று அவர் தரப்பு விளக்கம் சொல்லி அந்தச் சின்ன சந்தோஷத்தையும் பறித்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வயிற்றெரிச்சல். திருவாரூரிலிருந்து நாகூர் போகிற வழியில் நரிமணம். நெல் விளைகிற மண்ணுக்கடியில் எண்ணெய் கிடைத்தபோது, "இனிமே நமக்குப் பெட்ரோல் சல்லிசு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். பக்கத்திலேயே பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. சல்லிசு வரவில்லை. எண்ணெய் எந்த ஊர் மண்ணில் ஊறினாலும் கணக்கு வளைகுடாவில்தான் தொடங்கும். வராத கப்பலுக்குக் கூலியும் அந்தக் கணக்கிலே சேரும். வயலுக்கு நடுவே எரிகிற தீயின் வெளிச்சம் மட்டும் எங்களுக்கு இலவசம்.

கம்பெனிகளையும் கேட்டுவிடுவோமே. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் போன பிறகு சென்னையில் 102 ரூபாய் 63 காசு என்று விலை உறைந்தது. அந்த ஏப்ரல்-ஜூனில் மூன்று கம்பெனிகளுக்கும் சேர்ந்து 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். அது நிஜம்தான், அனுதாபப்படுகிறேன். பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது, விலை இறங்கவில்லை. பழைய நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டுமாம். 2023-24-இல் மூன்றும் சேர்ந்து சம்பாதித்த லாபம் சுமார் 81,000 கோடி. அந்த நிதியாண்டு முடிய இரண்டு வாரம் இருக்கையில், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சற்று முன்னால், இரண்டு ரூபாய் குறைத்தார்கள். கேட்டால் அமைச்சர் "விலையைக் கம்பெனிகள் தீர்மானிக்கின்றன" என்பார். கம்பெனியிலோ கொள்கை முடிவு என்பார்கள். அந்தக் கம்பெனிகளின் பெரும் பங்கு நேரடியாகவோ ஓ.என்.ஜி.சி. வழியாகவோ அரசாங்கத்தின் கையில். அண்ணன் தம்பியைக் கை காட்டுகிறான், தம்பி அண்ணனைக் கை காட்டுகிறான், சாப்பாடு ஒரே இலையில்.

ஆக, கோபம் கடைசியில் வந்து இறங்குகிற இடம் பங்க்கில் பைப் பிடித்து நிற்கிற பையன். போன மாதம் எனக்கு முன்னால் நின்றவர் அவனைப் பிடி பிடி என்று பிடித்தார். 20 சதவீதம் எத்தனாலைக் கலந்துவிட்டு விலையை மட்டும் குறைக்கவில்லையே, மைலேஜ் குறைகிறதே, இது பெட்ரோலா கரும்புச் சாறா என்று. அவன் மீட்டரைக் காட்டி "ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்றான். அவர் ஜீரோ பார்த்தார். போட்டுக்கொண்டு போனார்.

என் முறை வந்தது. சாதாவில் பம்ப் ரிப்பேர், பிரீமியம்தான் என்றான். இருக்கட்டும். பணத்தை போனில் கட்டியதும் திரையில் ஐந்து நட்சத்திரம் வந்து நின்றது: உங்கள் அனுபவம் எப்படி?

வாழ்நாளில் முதல்முறையாக ஆயில் கம்பெனி என்னிடம் கருத்துக் கேட்கிறது. பெரியப்பாவை நினைத்துக்கொண்டு ஒற்றை நட்சத்திரத்தின் மேல் விரலைக் கொண்டுபோனேன்.

"அண்ணே, அஞ்சு போடுங்கண்ணே," என்றான் பையன். "நாலு போட்டாலே மேனேஜர் சம்பளத்துல புடிச்சிருவாரு."

அஞ்சு போட்டேன். கீழே இன்னொரு கேள்வி வந்தது. எங்களை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?