சமையற்காரர் வைத்ததே சட்டம்

கேள்வி: பாரிஸின் நவீன பிஸ்ட்ரோக்களில் பணம் கொடுப்பவர் ஒருவர், என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்பது நியாயமா?

பதில்: வாடிக்கையாளர் வாய் திறப்பது சாப்பிட மட்டுமே என்பது இவ்வகை உணவகங்களின் எழுதாத விதி என்றாலும், அதன் பின்னால் நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. கிரியோன் என்னும் ஆடம்பர விடுதியின் சமையற்கூடத்தில் பணியாற்றிய ஈவ் காம்ட்போர்ட், 1992இல் பாரிஸின் 14ஆம் வட்டாரத்தில் லா ரெகலாத் என்னும் பிஸ்ட்ரோவைத் திறந்து, பகட்டைக் குறைத்துக் கைப்பக்குவத்தைக் குறைக்காமல், முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு ஆகிய மூன்றும் ஒரே விலைக்குள் அடங்கும் முறையில் பரிமாறினார். எளிய பிஸ்ட்ரோவையும் உயர்தரச் சமையலையும் இணைக்கும் இப்போக்கே பின்னர் ‘பிஸ்ட்ரோனமி’ எனப்பட்டது. லா ரெகலாதில் தெரீன், அதாவது சட்டியில் அழுத்தி வேகவைத்த கொத்திறைச்சி, சட்டியோடே மேசைக்கு வர, உண்பவரே வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்வார். இப்படி உணவைச் சமையற்காரரே தீர்மானித்து வகைகளைக் குறைத்தால் அன்றைய சந்தைச் சரக்கை மட்டும் வாங்கவும், சிறிய அடுக்களையில் சிலரைக் கொண்டே சமைக்கவும், வீணாவதைத் தவிர்க்கவும் முடிவதால் விலை கட்டுக்குள் நிற்கிறது. பிரான்சில் சேவைக் கட்டணம் பட்டியல் விலையிலேயே அடங்குவதோடு, ரொட்டிக்கும் குழாய்நீர்க் குடுவைக்கும் தனிக் காசு கிடையாது என்பதால், தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தவர் பில்லைக் கண்டு மயங்கும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.