இரண்டு பஸ் தூரம்

1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை வந்து இஞ்சிவிளையில் உட்கார்ந்துகொண்டது. விளவங்கோடு மதராஸோடு போனது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாறசாலையிலிருந்து களியக்காவிளைச் சந்தைக்குப் போய் மீனும் மரச்சீனியும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். 1994இல் அந்தப் பக்கத்துக் கடையொன்றில் மிக்ஸி வாங்கியபோதுதான் எல்லை அவர் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் தேங்காய் அரைக்கும்போது மிக்ஸி புகைந்தது. கொண்டுபோனால், கடைக்காரர் ரசீதின் அடியை விரலால் தொட்டுக் காட்டினார்: ‘விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்படாது.’ 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் விற்றவர் இருக்கும் மாவட்டத்திலோ, வியாபாரம் நடந்த மாவட்டத்திலோதான் புகார் கொடுக்க முடியும். அதாவது அந்தப் பக்கத்து மாவட்டத் தலைநகரம், நாகர்கோவில். இரண்டு பஸ், ஒரு நாள் கூலி. அப்பா மிக்ஸியைப் பரணில் ஏற்றினார். அம்மா அம்மியைக் கழுவினாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றால் என்ன என்றும் சட்டமே சொல்கிறது: அளவுக்கு மீறிய காப்புத்தொகை, நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம், தக்க காரணமில்லாமல் ஒருதலையாக ரத்து செய்வது, உரிய அபராதத்தோடு கடனை முன்கூட்டியே அடைக்க வந்தாலும் வாங்க மறுப்பது...

கடைசியில் சொன்னது என் கதை. பைக் கடனை அபராதத்தோடு சேர்த்து அடைக்கப் போனேன். ‘முதல் வருஷம் முடியாது சார்’ என்றார்கள். அப்பா காலத்து வட்டிக்காரர் தவணைக்கு முன்னே பணம் வந்தால் சாயா வாங்கிக் கொடுப்பார்.

நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்காட மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதாது. திருவனந்தபுரத்தில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்த நிபந்தனையே செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு.

“போக ஒரு பஸ்தான்பா. புகாரைப் போன்லயே குடுத்துரவும் செய்யலாம்” என்றேன்.

“அப்போ ரெண்டு பஸ்ஸும் மிச்சம், மக்கா” என்றார் அப்பா. பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார். “கடனுக்குச் சம்மதம்னு அமுக்குனதும் இதுலதானே?”